கண்டற் சேற்றில் மருந்து தேடல்

க.பொ.த. உயர்தரம், உயிரியல் பிரிவு

புத்தளம் நகரிலிருந்து வண்ணாத்திவில்லுவைக் கடந்து வடக்கே சென்றால் எலுவன்குளம் வரும். ஒருபுறம் வில்பத்துக் காடு, மறுபுறம் களப்பு. இவ்வூரைத் தொட்டுச் செல்லும் கலா ஓயா, கங்கேவாடி என்னும் மீனவக் கிராமத்தருகே புத்தளம் களப்பில் கலக்கிறது. ஆற்றோரக் கண்டற்காடுகளில் இலங்கையிலேயே பெரியதாகக் கருதப்படுவது இம்முகத்துவாரத்தில்தான் இருக்கிறது. கண்டல் வேர்களுக்கிடையில் கால் வைத்தால் முழங்கால் வரை புதையும். கரிய சேறு. அழுகிய இலைகளின் வாடை. ஒரு தேக்கரண்டிச் சேற்றில் கோடிக்கணக்கான பற்றீரியாக்கள் வாழ்கின்றன.

அந்தச் சேற்றில்தான் நண்டு வளை தோண்டுகிறது. சிப்பி வேரில் ஒட்டிக்கொண்டு அந்த நீரையே நாள் முழுக்க வடிகட்டி உண்கிறது. இறால் குஞ்சுகள் அங்கேதான் வளர்கின்றன. இவற்றுக்கு முள்ளந்தண்டு இல்லை. நம்மைப் போலப் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும் நிர்ப்பீடனத் தொகுதியும் இல்லை. கால் முறிந்த நண்டு சேற்றுக்குள் போய்க் கிடந்து, அடுத்தடுத்த முறை ஓடு கழற்றும்போது புதிய காலோடு வருகிறது. அதே சேற்றில் நம் காலில் சிறு கீறல் விழுந்தால் மறுநாளே வீங்கிவிடுகிறது. இது எப்படி? நண்டிடம் இருப்பதும் நம்மிடம் இல்லாததும் என்ன? அதை நாம் மருந்தாக்க முடியுமா?

இக்கேள்விகளை உலகின் பல ஆய்வுகூடங்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகின்றன. நான் வாசித்து அறிந்தவற்றை, எங்கள் ஊர்ப்புறத்து உயிர்களை உதாரணமாக வைத்து இங்கே விளக்க முயல்கிறேன்.

புதிய மருந்து ஏன் தேவை?

1928இல் அலெக்சாண்டர் பிளெமிங், தனது தட்டில் விழுந்து வளர்ந்த பூஞ்சணத்தைச் சுற்றிப் பற்றீரியாக்கள் அழிந்திருப்பதைக் கண்டார். பெனிசிலின் பிறந்த கதை அது. 1945இல் நோபல் பரிசு பெற்றபோது அவரே ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். மருந்தைப் போதாத அளவில் எடுத்தால் பற்றீரியா சாகாது, மருந்தைத் தாங்கப் பழகிவிடும் என்பதே அதன் கருத்து.

அவர் அஞ்சியது நடந்துவிட்டது. பற்றீரியாக்கள் மிக வேகமாகப் பெருகுபவை. கோடியில் ஒன்று தற்செயலான மாற்றத்தால் மருந்தைத் தாங்கிவிட்டாலும் போதும். மற்றவை மடிய, அது மட்டும் எஞ்சி, தன் சந்ததியால் இடத்தை நிரப்பிவிடும். அந்த ஆற்றலுக்கான பரம்பரையலகைப் பக்கத்திலுள்ள வேறு இனப் பற்றீரியாவுக்குக் கொடுக்கவும் அதனால் முடியும். 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பற்றீரியாத் தொற்றுகளின் நேரடி விளைவாக உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என 2022இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று கூறுகிறது.

இது தொலைதூரத்துச் செய்தியல்ல. எலுவன்குளத்தில் நண்டுக் கூடு வைக்கும் என் மாமாவின் உள்ளங்கையை ஒருமுறை நண்டின் முள் கிழித்தது. வீட்டில் யாரோ குடித்து மிஞ்சிய அன்டிபயோட்டிக் குளிசைகள் நான்கு இருந்தன. அவற்றை விழுங்கினார். இரண்டு நாள் குறைந்த வீக்கம் மூன்றாம் நாள் மணிக்கட்டுக்கு ஏறியது. வைத்தியசாலையில் சீழிலிருந்து சிறிது எடுத்து, ஏகார் தட்டில் பரப்பி, வெவ்வேறு மருந்து தோய்த்த சிறு காகித வட்டுகளை அதன்மேல் வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். எந்த வட்டைச் சுற்றிப் பற்றீரியா வளராமல் தெளிந்த வளையம் தோன்றுகிறதோ, அந்த மருந்துக்கு அது அடங்கும் என்பது பொருள். வளையம் தோன்றாத வட்டுகளும் அத்தட்டில் இருந்தன. மாமா விழுங்கிய மருந்தின் வட்டும் அவற்றுள் ஒன்று. வளையம் தோன்றிய மருந்தைக் கொடுத்த பிறகே கை தேறியது.

எந்த வட்டைச் சுற்றியும் வளையம் தோன்றாவிட்டால் என்ன செய்வது? புதிய மருந்து தேடுவோர் அஞ்சுவது அந்தத் தட்டைத்தான்.

பிறபொருளெதிரி இல்லாத உயிர்களின் படைக்கலம்

இதுவரை பெயரிடப்பட்ட விலங்கினங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவை முள்ளந்தண்டிலிகள். பூச்சிகள், நண்டுகள், சிப்பிகள், கடலட்டைகள், கடற்பஞ்சுகள் எல்லாம் இதில் அடங்கும். இவை நம்மை விட மிகப் பழைய உயிர்கள். பிறபொருளெதிரி இல்லாமலே கோடிக்கணக்கான ஆண்டுகள் நுண்ணங்கிகளோடு போராடி வாழ்ந்திருக்கின்றன. அல்லாஹ் எந்தப் படைப்பையும் காப்பின்றி விடவில்லை என்று நாம் நம்புகிறோம். அந்தக் காப்பு எவ்வாறு செயற்படுகிறது என்பதைக் கண்டறிவது விஞ்ஞானத்தின் வேலை.

சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஹான்ஸ் போமனும் அவரது குழுவினரும் ஒரு பெரிய பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழுக்களை எடுத்து, தீங்கு குறைந்த பற்றீரியாக்களை அவற்றுக்குள் ஊசியால் ஏற்றினர். சில நாட்களில் அப்புழுக்களின் உடற்திரவம் பற்றீரியாக்களைக் கொல்லும் ஆற்றலைப் பெற்றது. அத்திரவத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்குப் பூச்சியின் இனப்பெயரைத் தழுவி 'செக்ரோபின்' என்று பெயரிட்டனர். அதன் அமைப்பு 1981இல் வெளியிடப்பட்டது. அது ஒரு பெப்தைட்டு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலி. நண்டு, தேள், சிலந்தி, சிப்பி என எங்கு தேடினாலும் இத்தகைய பெப்தைட்டுகள் கிடைக்கும் என்பது பிறகு தெரியவந்தது. பூச்சிகள் தம் உடலில் கிருமி புகுந்ததை எவ்வாறு உணர்ந்து இவற்றைச் சுரக்கின்றன என்பதைப் பழ ஈயில் கண்டறிந்த ஜூல்ஸ் ஹொஃப்மன் 2011இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இப்பெப்தைட்டுகள் நண்டின் கலத்தை விட்டுவிட்டுப் பற்றீரியாவை மட்டும் எப்படித் தாக்குகின்றன? விடை ஏற்றத்தில் இருக்கிறது. பற்றீரியாவின் மென்சவ்வு வெளிப்புறத்தில் மறையேற்றம் கொண்டது. விலங்குக் கலங்களின் மென்சவ்வு வெளிப்புறத்தில் பெரும்பாலும் நடுநிலையானது, அதில் கொலஸ்திரோலும் உண்டு. இப்பெப்தைட்டுகளில் லைசீன், ஆர்ஜினீன் போன்ற நேரேற்ற அமினோ அமிலங்கள் மிகுதி. எனவே அவை பற்றீரியாவை நோக்கியே கவரப்படுகின்றன. போய் ஒட்டியதும் மென்சவ்வைக் குலைத்துத் துளையிடுகின்றன. உள்ளிருப்பவை வெளியே கசிய, பற்றீரியா மடிகிறது.

பெனிசிலின் பற்றீரியாவின் கலச்சுவரை அமைக்கும் நொதியத்தைத் தடுக்கிறது. அந்த நொதியத்தைச் சற்று மாற்றிக்கொண்டோ, பெனிசிலினைச் சிதைக்கும் வேறொரு நொதியத்தைச் சுரந்தோ பற்றீரியா தப்பிவிடும். மென்சவ்வு முழுவதையும் மாற்றி அமைப்பது அவ்வளவு எளிதல்ல. ஆகவே இவ்வகை மருந்துகளைத் தாங்கும் ஆற்றல் மெதுவாகவே உருவாகும் என ஆய்வாளர்கள் எதிர்பார்க்கின்றனர். மெதுவாக என்றுதான் சொல்கிறார்கள், உருவாகவே உருவாகாது என்று அல்ல.

நம் களப்பின் உயிர்கள்

முதலில் சேற்று நண்டு. சிங்கப்பூர் உணவகங்களில் 'இலங்கை நண்டு' என்று பெயர் பெற்றது இதுதான். இதன் குருதி சிவப்பல்ல. ஒட்சிசனைக் காவும் ஈமோசயனினில் இரும்புக்குப் பதில் செப்பு இருப்பதால் மெல்லிய நீலமாகத் தோன்றும். காயம் பட்டதும் குருதி உறைந்து வாயை அடைக்கிறது. காயத்தில் கரிய நிறப்பொருள் படிந்து கிருமியைச் சிறைப்படுத்துகிறது. நண்டின் ஓட்டில் காணும் சில கருந்தழும்புகள் அப்படி வந்தவை. குருதிக் கலங்கள் கிருமியை விழுங்குகின்றன. இவற்றோடு பெப்தைட்டுகளும் சேர்கின்றன.

சீனாவின் சியாமென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் சேற்று நண்டிலிருந்து 'சைகொனாடின்' என்னும் புதிய பொருளைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். அது ஆண் நண்டின் இனப்பெருக்கத் திரவத்தில் கிடைத்தது. முட்டையும் கருவும் கிருமியால் கெடாமல் காப்பதில் அதற்குப் பங்கிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. இதில் ஒரு வியப்பும் உண்டு. மேலே சொன்ன நேரேற்ற விதிக்கு மாறாக, சைகொனாடின் மறையேற்றம் கொண்டது. இயற்கை தன் வழிகளை ஒரே விதிக்குள் அடக்கிவிடவில்லை. தேடலை நிறுத்தக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது இறால். இன்று நம் மாவட்டப் பண்ணைகளிலும் வளர்க்கப்படும் வெள்ளைக்கால் இறாலின் குருதியிலிருந்து 'பெனெய்டின்' என்னும் பெப்தைட்டுகளை 1997இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆனால் இறாலுக்கு இத்தகைய காப்பு இருந்தும், 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது நம் மாவட்டத்துப் பண்ணைகள் பெருநட்டம் அடைந்தன. கைவிடப்பட்ட குளங்களைக் களப்போரம் இன்றும் காணலாம். வெண்புள்ளி நோய் வைரசால் வருவது. பற்றீரியாவைக் கொல்லும் பொருள் வைரசைக் கொல்லாது. தடிமலுக்கு அன்டிபயோட்டிக் கேட்கும் பெற்றோர் இதை நினைவில் வைப்பது நல்லது. பெரும்பாலான தடிமல்களும் வைரசால் வருபவையே.

மூன்றாவது சிப்பி. ஒரு சிப்பி மணித்தியாலத்துக்குப் பல லீற்றர் நீரை வடிகட்டும். ஒரு மில்லிலீற்றர் கடல்நீரில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பற்றீரியாக்கள் இருக்கும். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். அந்த நீர் முழுதும் கடந்து செல்லும் செவுள்கள் எந்நேரமும் காவலில் இருந்தாக வேண்டும். அமெரிக்கச் சிப்பியின் செவுளிலிருந்து 2005இல் ஒரு காப்புப் பெப்தைட்டு பிரித்தெடுக்கப்பட்டதில் வியப்பில்லை.

நான்காவது, நம் எல்லோர் வீட்டிலும் இருக்கும் ஒன்று: தேன். தேனீயும் முள்ளந்தண்டிலிதான். அல்குர்ஆனில் அதன் பெயரிலேயே ஸூரதுந் நஹ்ல் என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. தேனின் மிகை இனிப்பு பற்றீரியாவின் நீரை உறிஞ்சுகிறது. தேனீ சேர்க்கும் ஒரு நொதியம் ஐதரசன் பரவொட்சைட்டை உண்டாக்குகிறது. இவற்றோடு, தேனீ தன் உடலிலிருந்தே சேர்க்கும் 'டிஃபென்சின்-1' என்னும் பெப்தைட்டும் தேனின் கிருமிகொல்லும் ஆற்றலில் பங்கேற்பதை 2010இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினர். ஆனாலும் வைத்தியசாலைகளில் காயத்துக்கு இடும் தேன், கதிர்வீச்சால் தூய்மையாக்கப்பட்ட மருத்துவத் தேன். சந்தைத் தேனைத் திறந்த புண்ணில் ஊற்றுவது வேறு விடயம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பற்றீரியாவின் வித்திகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம்.

எப்படித் தேடுகிறார்கள்?

தமிழகத்தின் கடலூர் மாவட்டத்தில், வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. அங்கே 1961 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் ஆய்வு நிலையம் இயங்கி வருகிறது. அருகிலேயே பிச்சாவரம் கண்டற்காடு. முகத்துவாரம், கண்டல், நண்டு, சிப்பி, சங்கு என நம் கலா ஓயா முகத்துவாரத்தைப் போன்ற சூழல். சங்கு, சிப்பி, நண்டு, கடற்பஞ்சு ஆகியவற்றின் சாற்றில் பற்றீரிய எதிர்ப்பாற்றல் உண்டா என்று அங்குள்ளோர் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகின்றனர். இத்தகைய தேடலின் படிகள் பொதுவாக இவை:

முதலாவது, விலங்கை இனங்காணல். எந்த இனம், எங்கே, எந்தக் காலத்தில் பிடிக்கப்பட்டது என்பதைப் பதிவு செய்யாவிட்டால் பிறகு வருவதெல்லாம் வீண்.

இரண்டாவது, சாறு எடுத்தல். இழையத்தை அரைத்து, நீர், எதனோல், மெதனோல் போன்ற கரைப்பான்களில் ஊறவைத்து வடிப்பார்கள். நண்டாயின் காலின் மூட்டில் மெல்லிய ஊசியைச் செலுத்திக் குருதி எடுப்பார்கள்.

மூன்றாவது, தட்டுச் சோதனை. மாமாவின் சீழை வைத்துச் செய்த அதே சோதனைதான். அங்கே தெரிந்த மருந்துகளை வைத்துத் தெரியாத பற்றீரியாவைச் சோதித்தார்கள். இங்கே தெரிந்த பற்றீரியாவை வைத்துத் தெரியாத மருந்தைச் சோதிக்கிறார்கள். அதே தட்டில் வெறும் கரைப்பான் தோய்த்த வட்டு ஒன்றும், ஏற்கெனவே அறிந்த மருந்து தோய்த்த வட்டு ஒன்றும் கட்டாயம் வேண்டும். வெறும் எதனோலே பற்றீரியாவைக் கொல்லும் அல்லவா? வளையம் நண்டால் வந்ததா, கரைப்பானால் வந்ததா என்பதை இந்தக் கட்டுப்பாடு இன்றிச் சொல்ல முடியாது.

நான்காவது, பிரித்தல். சாற்றில் ஆயிரக்கணக்கான பொருட்கள் கலந்திருக்கும். அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மீண்டும் தட்டில் சோதித்து, ஆற்றல் உள்ள பகுதியை மேலும் பிரித்து, இறுதியில் ஒரே பொருள் எஞ்சும் வரை செல்ல வேண்டும். பிறகு திணிவு நிறமாலைமானியால் அதன் மூலக்கூற்றுத் திணிவை அறிந்து, அமினோ அமில ஒழுங்கைக் கண்டறிவார்கள்.

ஐந்தாவது, உண்மையில் அதை ஆக்கியது யார் என்று பார்த்தல். கடற்பஞ்சு போன்றவற்றில் கிடைத்த பல பொருட்களை, விலங்கு அல்ல, அதன் உடலுக்குள் கூடி வாழும் பற்றீரியாக்களே ஆக்கியவை எனத் தெரியவந்துள்ளது.

வளையம் மருந்தல்ல

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் வாசகர் நினைவில் வைப்பதானால் அது இதுவாக இருக்கட்டும்: தட்டில் தோன்றும் தெளிந்த வளையம் மருந்தல்ல. கேள்வியின் முதல் வரி மட்டுமே.

சவர்க்காரமும் வளையம் காட்டும், வினாகிரியும் காட்டும். பற்றீரியாவைக் கொல்வது கடினமல்ல. மனிதனைக் கொல்லாமல் பற்றீரியாவைக் கொல்வதே கடினம். ஆகவே அடுத்த சோதனை மனிதச் செங்குருதிக் கலங்களில் நடக்கும். பெப்தைட்டைச் சேர்த்ததும் அவை உடைந்தால் அப்பொருளை அப்படியே பயன்படுத்த முடியாது. பல பெப்தைட்டுகள் இங்கேயே தோற்றுவிடுகின்றன. உப்புச் செறிவு கூடினால் ஆற்றல் இழப்பவையும் உண்டு. குருதியிலுள்ள நொதியங்கள் சிலவற்றைச் சிறிது நேரத்தில் துண்டாக்கிவிடும். பெப்தைட்டை வாயால் விழுங்கினால் இரைப்பையும் குடலும் அதை மற்றப் புரதங்களைப் போலவே சமிக்கச் செய்துவிடும். நண்டு ரசம் குடித்தால் நண்டின் கிருமிகொல்லி நம் குருதியில் சேரும் என்று எண்ணுவது இதனால்தான் சரியல்ல. ரசம் உடலுக்குத் தெம்பு தரலாம். அது அன்டிபயோட்டிக் ஆகாது.

இத்தனையும் கடந்த பிறகு விலங்குகளில் சோதனை, அதன்பின் மனிதரில் மூன்று கட்டச் சோதனை. 1987இல் மைக்கல் சாஸ்லொஃப் என்னும் அமெரிக்க விஞ்ஞானி ஆபிரிக்கத் தவளையின் தோலில் 'மகைனின்' என்னும் பெப்தைட்டைக் கண்டார். தவளை முள்ளந்தண்டுளி என்றாலும் பொருள் ஒரே குடும்பத்தது. அதிலிருந்து உருவாக்கிய 'பெக்சிகானன்' என்னும் மருந்து, நீரிழிவுக் கால்புண்ணுக்கெனக் கடைசிக் கட்டச் சோதனை வரை வந்தது. ஆயினும் ஏற்கெனவே உள்ள மருந்தை விட மேலானதாகக் காட்டப்படவில்லை என்பதால் 1999இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அதற்கு அனுமதி மறுத்தது. பன்னிரண்டு ஆண்டு உழைப்பு அது. நீரிழிவுக் கால்புண்ணால் விரலை இழந்தவர் இல்லாத தெரு நம் ஊர்களில் உண்டா? அந்த மருந்து வென்றிருந்தால் என்று நினைக்கத் தோன்றுகிறது. வெல்லாததை வென்றதாகச் சொல்லாத நேர்மையையும் மதிக்கத் தோன்றுகிறது.

குதிரைலாட நண்டு தந்தது

தேடியது கிடைக்காவிட்டாலும், தேடல் வேறொன்றைத் தந்துவிடுவது உண்டு. குதிரைலாட நண்டு என்பது பெயரளவில்தான் நண்டு. உண்மையில் சிலந்திகளுக்கு நெருங்கியது. இந்தியாவின் ஒடிசாக் கரையிலும் வாழ்கிறது. 1956இல் பிரெடரிக் பாங் என்னும் அமெரிக்க மருத்துவர், சிலவகைப் பற்றீரியாக்கள் தொற்றியதும் இவ்விலங்கின் நீலக் குருதி உறைந்துவிடுவதை எழுதினார். அதிலிருந்து பிறந்ததே இன்று ஊசிமருந்துகளும் தடுப்பூசிகளும் சேலைனும் பற்றீரிய நச்சின்றி உள்ளனவா எனப் பார்க்கும் சோதனை. 1977இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. 1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதே குருதிக் கலங்களிலிருந்து 17 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட 'டக்கிபிளெசின்' என்னும் வலிய பெப்தைட்டையும் பிரித்தெடுத்தனர்.

ஆனால் சோதனைக்காக இலட்சக்கணக்கில் இவ்விலங்குகளைப் பிடித்துக் குருதி எடுத்து மீண்டும் கடலில் விடும்போது ஒரு பங்கு இறந்துவிடுகின்றன. இதற்கு மாற்றுக் கண்டவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியை டிங் ஜீக் லிங். அவரும் அவரது கணவரான ஹோ போ என்பவரும் கண்டற் சேற்றில் வாழும் குதிரைலாட நண்டு இனமொன்றிலிருந்து, பற்றீரிய நச்சை உணரும் புரதத்தின் பரம்பரையலகைப் பிரித்தெடுத்தனர். மதுவக் கலங்களில் வைத்துப் பார்த்தபோது சரிவரவில்லை. பிறகு பூச்சிக் கலங்களில் வைத்து அப்புரதத்தை ஆக்கினர். இனி ஒரு துளி குருதியும் தேவையில்லை. 2021 முதல் ஐரோப்பாவின் மருந்துத் தர விதிநூல் இம்முறையை ஏற்றுக்கொண்டுள்ளது.

சிங்கப்பூரின் கண்டற் சேறும் நமது கண்டற் சேறும் பெரிதும் வேறல்ல. அங்கே ஒருவர் குனிந்து பார்த்தார், இங்கே இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலில், உள்ள மருந்துகளைக் காப்பாற்றுவது. வைத்தியர் ஐந்து நாளுக்குத் தந்தால் ஐந்து நாளும் குடிக்க வேண்டும். மிஞ்சிய குளிசையை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. சீட்டின்றிக் கடையில் வாங்கக் கூடாது. புதிய மருந்து வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் எடுக்கலாம். பழைய மருந்தைக் கெடுக்க ஒரு வாரம் போதும்.

இரண்டாவது, சேற்றைக் காப்பாற்றுவது. இறால் குளத்துக்காகக் கண்டலை வெட்டியபோது நண்டும் சிப்பியும் போனதை நம் மாவட்டம் கண்டிருக்கிறது. ஓர் இனம் அழிந்தால் அதற்குள் இருந்த, நாம் இன்னும் பெயரிடாத பொருளும் அதனுடன் போய்விடும். 1992இல் உருவான உயிர்ப்பல்வகைமைச் சமவாயத்தில் இலங்கையும் ஓர் உறுப்பு நாடு. ஒரு நாட்டின் உயிர்வளங்கள் அந்நாட்டின் உரிமைக்குட்பட்டவை, அவற்றால் வரும் பயனில் அந்நாட்டுக்கும் நியாயமான பங்கு வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆகவே யார் வந்து எதை எடுத்துச் செல்கிறார்கள் என்பதை ஊராரும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். இதை வாசித்து ஆர்வம் கொண்டு வீட்டில் ஜெலட்டீனில் பற்றீரியா வளர்த்துப் பார்க்க வேண்டாம். வளர்வது எது என்று நமக்குத் தெரியாது. பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியையின் மேற்பார்வையில், தயிர்ப் பற்றீரியா போன்ற தீங்கற்றதை வைத்து, உள்ளிப்பூண்டுச் சாற்றையும் தேனையும் வினாகிரியையும் ஒப்பிடலாம். கட்டுப்பாட்டு வட்டை மறக்காமல் வையுங்கள். தட்டை மூடியே வைத்து, முடிந்ததும் கிருமியழித்து அகற்றுங்கள்.

நான்காவது, பெற்றோருக்கு. உயிரியல் பிரிவில் படிக்கும் பிள்ளையிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி, "டொக்டராக வருவாயா?" என்பதுதான். நல்ல கேள்வி. நமக்கு வைத்தியர்கள் வேண்டும். ஆனால் வைத்தியரின் கையில் கொடுக்க மருந்து இருக்க வேண்டுமே! நுண்ணுயிரியல், உயிர் இரசாயனவியல், விலங்கியல், மீன்பிடி விஞ்ஞானம் ஆகியவையும் நம் பல்கலைக்கழகங்களில் உள்ள துறைகளே. இஸட் புள்ளி குறைந்து மருத்துவபீடம் தவறினால் வாழ்வே தவறியதாக அழும் அக்காமாரை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களில் ஒருவர் நண்டின் குருதியை ஏகார் தட்டில் இட்டுக் காத்திருந்தால், மருத்துவபீடம் சென்ற தோழிக்கு இல்லாத ஆயுதம் ஒன்றை ஒருநாள் எடுத்துக் கொடுக்கலாம்.

அந்த வேலைக்கு வேண்டியவை பொறுமை, பதிவு, நேர்மை. வளையம் தோன்றாத நாளில் தோன்றவில்லை என்று எழுதும் துணிவு. இவற்றை நம் வீடுகளும் பாடசாலைகளும் நமக்குக் கற்றுத் தந்துகொண்டுதான் இருக்கின்றன. கற்றதைப் பயன்படுத்த வேண்டிய சேறு, பேருந்தில் போய்த் திரும்பும் தூரத்திலேயே இருக்கிறது.